உப்புக் காற்றில் நிற்க ஓர் இரும்புப் படிக்கட்டு: ராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு மொட்டை மாடிப் படிக்கட்டு ஆறாவது வருஷம் ஓட்டையானது. கீழிருந்து மூன்றாவது படியில் மச்சான் காலை வைத்தார். குதிகால் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. அந்தப் பொங்கலுக்குத்தான் பெயின்ட் அடித்திருந்தோம். மேலே பச்சை நிறம் பளபளவென்று இருந்தது. குனிந்து அடியில் பார்த்தால் துரு அப்பளம் அப்பளமாக உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

வீடு உச்சிப்புளி பக்கம், தென்கடலிலிருந்து முக்கால் கிலோமீட்டர். படி செய்தவரைக் குறை சொல்ல முடியாது. மதுரையில் ஒரு வீட்டுக்கு எப்படிச் செய்வாரோ அப்படியே எங்களுக்கும் செய்து கொடுத்திருந்தார். நாங்களும் நிறத்தைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. புதுப் படி போடுவதற்குள் பட்டறை பட்டறையாக அலைந்து, நாலு வீட்டுப் படிகளை அடியில் படுத்துப் பார்த்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: எந்த இரும்பு என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் படியில் உப்பும் தண்ணீரும் எங்கே தங்கும் என்று கேட்க வேண்டும். கீழே வருகிற ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் வீடு எந்தக் கடலைப் பார்க்கிறது?

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். மண்டபம், பாம்பன் பக்கம் வடகடல், தென்கடல் என்பார்கள். தொண்டியும் தேவிபட்டினமும் வடகடலான பாக் விரிகுடாவைப் பார்க்கின்றன. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் எல்லாம் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. இரண்டிலும் உப்பு ஒன்றுதான். ஆனால் காற்று வரும் காலம் வேறு.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வைகாசிக் கடைசியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது. அந்த மாதங்களில் நமக்கு மழை பேருக்குத்தான். அலையில் உடைந்து பறக்கும் உப்புத் துளி நாலு மாதம் படிந்துகொண்டே இருக்கும், கழுவ ஆள் இல்லை. வடகடல் பக்கம் வாடைக் காற்று ஐப்பசி, கார்த்திகையில் வரும்போது மழையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. உப்பைக் கொண்டுவந்த காற்றே பாதியைக் கழுவியும் விட்டுவிடுகிறது. அதனால் ஒரே தூரத்தில் இருந்தாலும் கீழக்கரைப் படி தேவிபட்டினத்துப் படியைவிடச் சீக்கிரம் கெடும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. வாலிநோக்கம் மாதிரி உப்பளம் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் உப்பு கடலிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்பு ஏன் இவ்வளவு மோசம்? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். அப்படியென்றால் நம் ஊரில் அது காய்வதே இல்லை. கண்ணுக்குக் காய்ந்த மாதிரி தெரியும் படியின் மேல், இரவும் பகலும் ஒரு மெல்லிய உப்புத்தண்ணீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது.

உலோக அரிப்புக்கு ஐஎஸ்ஓ 9223 என்று ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கிறது. காற்றை சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேலே சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது. சி3 காற்றில் சாதா இரும்பு வருஷத்துக்கு 25 முதல் 50 மைக்ரான் தேயும். சி5 காற்றில் 80 முதல் 200 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். என் கணக்கில், தென்கடல் அலை காதில் விழும் தூரத்தில் இருக்கும் வீட்டை சி5 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் நாலைந்து கிலோமீட்டர் வரை சி4. ராமநாதபுரம் நகருக்குள் சி3 என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

இந்த எண்ணெல்லாம் வேண்டாம் என்றால் எளிய சோதனை ஒன்று உண்டு. கடலைப் பார்த்த ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். பிறகு விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பாருங்கள். அப்புறம் தெருவில் நடந்து, அக்கம்பக்கத்து கேட் கீல், டிஷ் ஆன்டெனா கம்பி, ஏசி வெளிப்பெட்டி நிற்கும் ஸ்டாண்ட் இதெல்லாம் என்ன நிலையில் இருக்கிறது, எத்தனை வருஷமானது என்று கேளுங்கள். இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது.

பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் காலமெல்லாம் பெயின்டும் பராமரிப்புமாகவே நின்றது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி, முழுதும் வெல்டிங் செய்த இணைப்புகள், பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு என்று போட்டிருக்கிறார்கள். ரயில்வேக்கே இந்தக் கதி என்றால், ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்த நம் படி எம்மாத்திரம்?

2. வெளியிலா, உள்ளேயா, கூரைக்கு அடியிலா?

இதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன். மழையில் நனைந்தால் துருப்பிடிக்கும் என்று படிக்கு மேல் தகரக் கூரை போட்டோம். உப்புக் காற்று பக்கவாட்டில் வரும், கூரை அதைத் தடுக்காது. ஆனால் கழுவிவிடும் மழையைத் தடுத்துவிடும். எங்கள் பழைய படியில் கூரைக்கு வெளியே நீட்டியிருந்த கடைசி இரண்டு அடி கைப்பிடி கடைசிவரை நன்றாக இருந்தது. கூரைக்கு அடியில் இருந்ததுதான் உரிந்தது. படியின் மேல்பக்கம் பிழைத்து அடிப்பக்கம் செத்ததற்கும் இதே காரணம்.

ஆகவே வெளிப்படி என்றால் ஒன்று, மழை நன்றாகப் படும்படி திறந்து விடுங்கள். இல்லை, காற்றே புகாதபடி மூன்று பக்கமும் சுவர் வைத்து உள்ளே கொண்டுவாருங்கள். நடுவாந்திரம்தான் மோசம்.

வீட்டுக்குள் இருக்கும் படிக்கு இவ்வளவு பாடு இல்லை. நல்ல எபாக்ஸி பெயின்ட் அடித்த சாதா இரும்பே போதும். ஆனால் கடலைப் பார்த்த ஜன்னல் நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஹால் என்றால் அதை வெளிப்படி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், கரைக்கு மிக அருகில் கட்டுபவர்களுக்கு: கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உங்கள் மனைக்கு எப்படிப் பொருந்தும் என்று விசாரித்து, அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே வெளிப்படியையும் காட்டிவிடுங்கள். பிறகு ஒட்டவைப்பது தொல்லை.

3. அளவு

தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்குச் சொல்வது: படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது, மேடை இல்லாமல் ஒரே ஓட்டத்தில் அதிகப் படிகள் வேண்டாம். உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தைக் கூட்டினால் 600 முதல் 640-க்குள் வந்தால் ஏறுவதற்குச் சுகமாக இருக்கும்.

உதாரணத்துக்கு, தரையிலிருந்து மேல்தளம் வரை பத்தரை அடி, அதாவது 3200 மி.மீ. பதினெட்டாகப் பிரித்தால் ஓர் ஏற்றம் 178 மி.மீ. அகலம் 270 வையுங்கள். 178 இரண்டு தடவை, கூட்டு 270, மொத்தம் 626. சரி. ஒன்பது ஒன்பதாகப் பிரித்து நடுவில் மூன்றடி மேடை விட்டால், நேராகப் போகும் படிக்கு 17 அடி நீளம் வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் மேடையில் திருப்பிவிடுங்கள். இடத்துக்காகப் படியைச் செங்குத்தாக்காதீர்கள். ஈரத் துணி வாளியோடு மாடிக்கு ஏறுகிறவர்கள் வீட்டுப் பெண்கள்தான், அளவு சொல்லும் மேஸ்திரி இல்லை.

தாங்கும் சுமைக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதி சொல்வது சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 300 கிலோ. கல்யாண வீட்டில் பத்துப் பேர் படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பந்தி நடக்கும்போது யார் தடுப்பது? பட்டறைக்காரர் கண்ணளவில் சொல்வதை ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

4. வடிவம்: உப்பு உட்கார இடம் கொடுக்காதீர்கள்

சுருள் படியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இடம் குறைவு, செலவு குறைவு என்று பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். நடுக்கம்பத்தில் ஒவ்வொரு படியும் வளையமாகச் செருகி உட்காரும். அந்த வளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்குதான் உப்புத்தண்ணீரின் சொந்த வீடு. துலக்க முடியாது, பெயின்ட் போகாது. கட்டிலும் ஏறாது, பீரோவும் ஏறாது. கடலோரத்தில் நான் வேண்டாம் என்பேன்.

நேர் படியில் பார்க்க வேண்டியவை இவை. பக்கத்தில் தாங்கி நிற்கும் சேனலின், அதாவது 'ப' வடிவ இரும்புச் சட்டத்தின், திறந்த பக்கம் மேலே பார்த்து இருந்தால் அது தொட்டி. பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். இரண்டு ஆங்கிளை முதுகோடு முதுகாக ஒட்டுவது வேண்டவே வேண்டாம். நடுவில் பிரஷ் போகாது, உப்பு போகும். வெல்டிங் புள்ளி புள்ளியாக வைத்து இடையில் விடும் வழக்கம் உண்டு. அந்த இடைவெளி ஒவ்வொன்றும் ஓர் இடுக்கு. முழு நீளத்துக்கும் ஓட்டச் சொல்லுங்கள். கூரான ஓரங்களில் பெயின்ட் நிற்காது, கிரைண்டரால் மழுக்க வேண்டும்.

படித் தகடு செக்கர் பிளேட், அதாவது வழுக்காமல் இருக்கப் புடைப்புப் போட்ட தகடு என்றால், ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்திருக்க வேண்டும். மேல்நோக்கி மடித்து உள்ளே டைல்ஸோ கிரானைட்டோ பதிப்பது பார்க்க அழகு. கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் இறங்கிய உப்புத்தண்ணீர் அங்கேயே கிடக்கும்.  தகட்டை முன்பக்கம் லேசாகச் சரித்து வைத்தால் தண்ணீர் வடியும், 270 மி.மீ. அகலத்துக்கு 4, 5 மி.மீ. சரிவு போதும், கால் உணராது.

வெளிப்படிக்கு எனக்குப் பிடித்தது கிரேட்டிங் படி. பட்டைக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துச் செய்த சல்லடைத் தகடு. தண்ணீர் நிற்காது, மழை அடிப்பக்கத்தையும் கழுவும், கச்சான் காற்றும் ஊடுருவிப் போய்விடும். குறை இல்லாமல் இல்லை. வெறுங்காலில் உறுத்தும், சாவி விழுந்தால் கீழே போகும், சேலை கட்டியவர்கள் கீழே ஆள் நிற்கும்போது ஏறத் தயங்குவார்கள். எங்கள் அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். கடைசியில் தெருவைப் பார்த்த கீழ் ஓட்டத்துக்குச் செக்கர் பிளேட், பின்பக்கம் திரும்பும் மேல் ஓட்டத்துக்குக் கிரேட்டிங் என்று சமாதானம் ஆனோம். எந்தத் தகடாக இருந்தாலும் சித்திரை வெயிலில் மதியம் வெறுங்காலோடு ஏற முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குழாய்களில் இரண்டே வழி. ஒன்று, எல்லா முனையும் தகடு வைத்து முழுதாக அடைத்து வெல்டிங் செய்வது, காற்றுகூடப் போகாமல். அல்லது, தண்ணீர் வெளியேறத் தாராளமாக ஓட்டை விடுவது. பிளாஸ்டிக் மூடி செருகுவது இரண்டிலும் சேராது. உள்ளே போன ஈரம் வெளியே வராது.

5. எந்த உலோகம்?

பட்டறையில் உங்கள் முன் நாலு பெயர்கள் வைப்பார்கள்.

சாதா இரும்பு, அதாவது எம்எஸ். வெளியில், சி5 காற்றில், பெயின்டை மட்டும் நம்பி வேண்டாம். பெயின்டில் ஒரு கீறல் போதும்.

ஜிபி பைப். இப்போது எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கும் வெள்ளைச் சதுரக் குழாய் இதுதான். "ஜிஐதாண்ணே, துருப்பிடிக்காது" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம் பூசிய தகடு என்றால் அது இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு 60 கிராம், கனத்தில் சுமார் 8 மைக்ரான். சி5 காற்றில் துத்தநாகம் வருஷத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் கரையும். ஆக, ஒன்று அல்லது இரண்டு வருஷம். அதுவும் வெட்டி வெல்டிங் செய்த இடத்தில் முதல் நாளே பூச்சு எரிந்துபோயிருக்கும். மெல்லிய குழாய் வேறு. எங்கள் முதல் படியின் கைப்பிடியும் சட்டமும் இதில்தான் செய்திருந்தது.

ஹாட் டிப் கால்வனைசிங். இரும்பை முதலில் வெட்டி, துளைத்து, வெல்டிங் எல்லாம் முடித்து, பிறகு சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் முழுதாக முக்கி எடுப்பது. ஐஎஸ் 4759 தரத்தின்படி கனமான இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம், ஒரே பக்கத்தில். கனம் சுமார் 85 மைக்ரான். அதே கணக்கில் சி5 காற்றில் 10 முதல் 20 வருஷம், சி4 காற்றில் 20 முதல் 40. ஜிபி பைப்பும் இதுவும் பார்க்க ஒரே வெள்ளைதான், வித்தியாசம் பத்து மடங்கு. வெளிப்படியின் உடம்புக்கு என் ஓட்டு இதற்கே.

இதில் மூன்று விஷயம் தவறக் கூடாது. தொட்டியில் முக்கி எடுத்தபின் வெட்டவோ வெல்டிங் செய்யவோ கூடாது. அதனால் படியைத் துண்டு துண்டாகச் செய்து, வீட்டில் போல்ட் போட்டுப் பூட்டும்படி வடிவமைக்க வேண்டும். தொட்டியின் நீளத்துக்குள் துண்டு அடங்க வேண்டும், முன்கூட்டியே கேளுங்கள். மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது: அடைத்த குழாயைத் தொட்டியில் முக்கினால் உள்ளே மாட்டிய காற்றும் ஈரமும் சூடாகி வெடிக்கும். முக்கப்போகும் குழாயில் ஓட்டை கட்டாயம். அந்த ஓட்டைகள் படி நிற்கும்போது கீழ்ப்பக்கம் வரும்படி வைத்தால் பின்னாளில் அவையே வடிகால்.

தொட்டி இருக்கும் ஆலைக்கு வெளியூர் அனுப்ப வேண்டியிருக்கும். கோவை, சென்னை மாதிரித் தொழில் நகரங்களில் விசாரியுங்கள். கூலி கிலோ கணக்கு. மேலே சொன்ன 18 ஏற்றப் படி, மூன்றடி அகலம், 150 மி.மீ. சேனல், 5 மி.மீ. செக்கர் பிளேட் என்றால் கைப்பிடி, மேடைக்கால் சேர்த்து அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல் வரும். பக்கத்தில் இன்னொருவரும் படி போடுகிறார் என்றால் ஒரே வண்டியில் ஏற்றுங்கள். லாரி வாடகைதான் உறுத்தும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எஸ்எஸ் என்ற இரண்டு எழுத்துக்குள் மூன்று சாமான் இருக்கிறது. 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்தது. விலை குறைவு, கடலோரத்தில் சில மாதங்களிலேயே பழுப்புத் திட்டு வரும், பிறகு ஊசித் துளை. 304-இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கடலுக்குத் தள்ளி இருக்கும் ஊர்களில் அருமை, இங்கே வெளியில் போதாது. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. உப்பை எதிர்க்க அதுதான் ஆயுதம். வெல்டிங் செய்யும் இடத்துக்குக் கார்பன் குறைந்த 316எல்.

"காந்தம் ஒட்டவில்லை பாருங்க, அசல் எஸ்எஸ்" என்று காட்டுவார்கள். 202-இலும் காந்தம் ஒட்டாது, 304-இலும் ஒட்டாது. வளைத்த இடத்தில் 304 லேசாக ஒட்டவும் செய்யும். காந்தச் சோதனையை மறந்துவிடுங்கள். ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். மாலிப்டினம் இருக்கிறதா என்று காட்டும் சொட்டு மருந்து கிட் கிடைக்கிறது, அதில் பாருங்கள்.

316-ம் அழியா வரம் பெற்றதில்லை. கழுவாமல் விட்டால் தேநீர் சிந்திய மாதிரிக் கறை படியும். மேற்பரப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது. கோடு கோடாகத் தேய்த்த ஹேர்லைன் பினிஷ் ஷோரூமில் அழகு, இங்கே ஒவ்வொரு கோடும் உப்புக்கு ஒரு வாய்க்கால். சாதா இரும்பு அறுத்த கிரைண்டர் தட்டையே ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் போட்டால் இரும்புத் துகள் பதிந்து அங்கே துரு பூக்கும். வெல்டிங் செய்த இடத்து நீல நிறத்தை பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை போட்டு எடுத்துக் கழுவ வேண்டும்.

முழுப் படியையும் 316-இல் செய்ய வசதி இருந்தால் செய்யுங்கள். இல்லாதவர்களுக்கு நான் சொல்வது: உடம்பு ஹாட் டிப், கைப்பிடி மட்டும் 316. கைப்பிடி பகலெல்லாம் கை படும் இடம், துடைப்பதும் சுலபம். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் துத்தநாகம் தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கும், அதாவது சீக்கிரம் கரையும். நடுவில் நைலான் வாஷரோ ரப்பர் ஷீட்டோ வையுங்கள்.

போல்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மின்னும் போல்ட்டில் மின்முலாம் பத்து மைக்ரான்கூடத் தேறாது. ஹாட் டிப் செய்த போல்ட் அல்லது 316 போல்ட். அரை டன் படி, கையளவு போல்ட்டில் நிற்கிறது.

6. பாதம்

படிக்கட்டின் காலைத் தரைக்குள் புதைத்து கான்கிரீட் போடுவது நம் ஊர்ப் பழக்கம். கான்கிரீட்டும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு விரல் உயரத்தில்தான் கால் அறுந்து விழும். அதற்குப் பதிலாக, தரைக்கு மேல் குறைந்தது அரையடி உயரத்தில் கான்கிரீட் பீடம் கட்டுங்கள். அதன் தலை வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். அதன்மேல் படிக்காலின் அடித்தகடான பேஸ் பிளேட், அதன் அடியில் இடைவெளி இல்லாமல் கிரவுட் என்ற சிமென்ட் கலவை.

கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் கவனம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐஎஸ் 456. நம் போர்த் தண்ணீர் பலவும் வாயில் வைக்க முடியாத உவர். பீடத்துக்குத் தேவைப்படுவது சில குடங்கள்தான், நல்ல தண்ணீர் வாங்கியே கலக்குங்கள். கடற்கரை மணலும் வேண்டாம். கம்பிக்கு வெளியே 50 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும். பேஸ் பிளேட்டைப் பீடத்தோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டும் மேலே சொன்ன போல்ட் விதிக்குள்தான் வரும்.

சுவரோடு இணைக்கும் இடத்தில் பிளேட்டின் மேல் ஓரத்தைச் சீலன்ட் வைத்து அடைத்துவிட்டு, கீழ் ஓரத்தைத் திறந்து விடுங்கள். உள்ளே போன தண்ணீர் இறங்கிப் போகட்டும்.

7. பெயின்ட்

ஹாட் டிப் மேல் பெயின்ட் அவசியமா? இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தால் தனித்தனி ஆயுளைக் கூட்டினதைவிட அதிகம் உழைக்கும். கடலுக்கு 500 மீட்டருக்குள் என்றால் அடித்துவிடுங்கள். சாதாரண எனாமலைத் துத்தநாகத்தின்மேல் நேராக அடித்தால் அது சோப்பாக மாறிப் பட்டை பட்டையாக உரியும். பெயின்ட்காரர் "ரெட் ஆக்சைடு ஒரு கோட் கொடுத்திரலாம்" என்றால் டப்பாவை மூடச் சொல்லுங்கள். லேசாக மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, துத்தநாகத்துக்கான எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பாலியூரிதேன். எபாக்ஸியே கடைசிக் கோட்டாக இருந்தால் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும்.

சாதா இரும்பில்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், மணல்வீச்சில் வெள்ளை உலோகம் தெரியச் சுத்தம் செய்து, ஜிங்க் எபாக்ஸி பிரைமர், நடுவில் எபாக்ஸி, மேலே பாலியூரிதேன், மொத்தம் 250 முதல் 300 மைக்ரான் கனம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து அடிப்பது இதற்குச் சமமாகாது.

அடிப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுவது முக்கியம். உப்புக்கு மேல் அடித்த பெயின்ட் கொப்புளம் விடும். காற்று ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது அடிக்கக் கூடாது. நம் பக்கம் காலைப் பனி இறங்கி வெயில் ஏறும்வரை அப்படித்தான். மாசி, பங்குனியில், பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மழை முடிந்திருக்கும், கச்சான் இன்னும் பிடித்திருக்காது.

8. பட்டறையில் பேசும்போது

"மொத்தமா இவ்வளவுண்ணே" என்ற விலையை ஏற்காதீர்கள். கொட்டேஷனில் இவை எழுத்தில் வர வேண்டும்: சேனல், தகடு, குழாய் ஒவ்வொன்றின் அளவும் கனமும், மொத்த எடை, கால்வனைசிங் ஐஎஸ் 4759 படி, எத்தனை மைக்ரான், ஸ்டெயின்லெஸ் என்றால் எண், போல்ட் வகை, வெல்டிங் முழு நீளம், வெட்டும் துளையும் முக்குவதற்கு முன்பே. எடை தெரிந்தால் இரண்டு பட்டறையை ஒப்பிடலாம். விலை குறைந்த இடத்தில் பெரும்பாலும் தகடுதான் மெலிந்திருக்கும்.

அவர் செய்து ஐந்து வருஷமான ஒரு படியைக் காட்டச் சொல்லுங்கள், கடலோரத்தில். காட்டினால், அடியில் குனிந்து பாருங்கள்.

9. வந்து இறங்கும் நாள்

பெயின்ட் கனம் பார்க்கும் சின்ன மீட்டர் பொறியாளர்களிடம் இருக்கும். ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, பல இடத்தில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெல்டிங் மூலைகளில் துத்தநாகம் பிடிக்காத கறுப்புத் திட்டு இருந்தால் பூட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சின்ன இடத்தை ஜிங்க் சத்து அதிகமுள்ள பெயின்டால் சரிசெய்யலாம். உள்ளங்கை அளவுக்குப் போனால் திருப்பி அனுப்புங்கள். வழியில் நனைந்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கிடந்தால் வெள்ளை மாவு பூத்திருக்கும். கழுவித் துடைத்து, காற்றுப்பட நிறுத்தி வையுங்கள்.

தரை டைல்ஸ் போட்டவர்கள் கடைசியில் சிமென்ட் கறையை எடுக்க ஆசிட் ஊற்றுவார்கள். அந்த ஆவியே ஸ்டெயின்லெஸ் கைப்பிடியை ஓரிரு நாளில் பழுப்பாக்கிவிடும். ஆசிட் வேலையெல்லாம் முடிந்த பிறகே கைப்பிடியைப் பொருத்துங்கள். ப்ளீச்சிங் பவுடரும் அதே ஜாதிதான்.

10. கழுவுவது

குடிக்கிற தண்ணீரையே குடம் காசு கொடுத்து வாங்கும் ஊரில் படியைக் குளிப்பாட்டுவதா என்று எங்கள் வீட்டிலும் சண்டை வந்தது. பீய்ச்சி அடிக்கத் தேவையில்லை. இரண்டு குடம் நல்ல தண்ணீர், ஒரு பழைய பருத்தித் துணி. கைப்பிடி, படியின் அடிப்பக்கம், போல்ட் தலைகள், பேஸ் பிளேட் மூலைகள். மழை தொடாத இடங்களை மட்டும் துடைத்தால் போதும். தென்கடல் பக்கம் என்றால் கச்சான் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மற்ற நாட்களில் மாதம் ஒன்று. உவர்ப் போர்த் தண்ணீரில் கழுவுவது உப்புக்கு உப்பு சேர்ப்பது; அதற்குக் கழுவாமலே இருக்கலாம்.

மழை ஓய்ந்து மார்கழியில் ஒரு நாள் டார்ச் அடித்து அடிப்பக்கம் முழுதும் பாருங்கள். போல்ட்டைச் சாவி வைத்து ஒரு திருகு. பழுப்பு தெரிந்த இடத்தைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, ஜிங்க் பெயின்ட் ஒரு தொடு. எங்கள் புதுப் படிக்கு இந்த வேலை வருஷத்துக்கு ஒரு காலைப்பொழுதுதான் பிடிக்கிறது. டார்ச் பிடிப்பது மச்சான். மூன்றாவது படியை மட்டும் இன்னும் தாண்டித்தான் ஏறுகிறார்.